மேற்கே வராத விமானங்கள்

மும்பைக்குக் கிழக்கே, மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற அனந்தராமனுக்கு, எதையும் அளந்து எழுதி வைத்தால்தான் சாப்பாடு இறங்கும். போன வருஷம் அவரைப் பிடித்துக்கொண்டது விமானம். ஒவ்வொரு விமானமும் தான் பறக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகிறது. ஒரு ஆன்டெனாவும் கம்ப்யூட்டரும் இருந்தால் வீட்டிலிருந்தே கேட்கலாம். குறுக்கே மலை இருந்தால் கேட்காது.

ஆன்டெனா கட்ட மொட்டைமாடியில் இருந்தது ஒரே கம்பம். அதில் அவர் மனைவி விசாலாக்ஷியின் துணிக்கொடி.

"ஒரு வாரம் குடு. மேற்கே மும்பைப் பக்கம் ஒரு விமானமாவது வரலேன்னா கம்பம் உன்னோடது."

"இப்பவும் என்னோடதுதான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சுக்கோங்கோ."

அவர் தைரியத்துக்குக் காரணம் ஒரு இணையதளம். இடத்தையும் ஆன்டெனாவின் உயரத்தையும் கொடுத்தால், சுற்றியுள்ள மேடுபள்ளத்தைக் கணக்கிட்டு, எதுவரை கேட்கும் என்று படம் போட்டுத் தரும். இவருக்கு வந்தது வார்த்த தோசை மாதிரி முழு வட்டம். பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டார்.

சனிக்கிழமைவரை ஹைதராபாத் பக்கத்து விமானமெல்லாம் வந்தது. மேற்கே ஒரு ஈ காக்கை இல்லை. ஹாலில் நாற்காலிக்கு நாற்காலி ஈரப்புடவை.

"அங்கேதான் மலை நிக்கறதே, படத்துக்குத் தெரியாதா?"

"நம்ம ஆன்டெனா மலைக்கும் மேலே போயிடறது."

"எத்தனை உயரம்னு போட்டேள்?"

"ஐநூத்துச் சொச்சம் மீட்டர். ஸ்டேஷன் மஞ்சள் போர்டுலே கடல் மட்டத்துலேர்ந்து போட்டிருக்கே, அதோட நம்ம மாடியையும் கூட்டினேன்."

விசாலாக்ஷி முப்பது வருஷம் பள்ளியில் கணக்கு எடுத்தவள். "தரையிலேர்ந்துன்னா அந்த வெப்சைட்காரன் கேட்டிருப்பான்! அப்போ நான் தினம் அரை கிலோமீட்டர் ஏறியா துணி உலர்த்தறேன்?"

பதினான்கு மீட்டர் என்று மாற்றினார். படத்தில் மேற்குப் பக்கம் யாரோ கடித்த மாதிரி காணாமல் போயிற்று. ஒரு வாரமாக வந்த விமானங்களை அதன்மேல் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"விசாலி! படம் சொல்றது அத்தனையும் சரி! மேற்கே ஒண்ணுமே வராது!"

தோற்றதை இத்தனை சந்தோஷமாகக் கத்தியவரை அவள் பார்த்ததில்லை. "ரொம்ப நல்லது. கம்பத்தை விடுங்கோ."

ஆன்டெனாவுக்குக் கிழக்கே பார்த்த இரண்டாம் மாடிச் சமையலறை ஜன்னல் கிடைத்தது. புது உயரத்தை அவர் டைப் அடிக்கப் போனபோது அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒன்பது கஜப் புடவையை ஜன்னல் வழியாகக் கீழே விட்டாள். நுனி தரையைத் தொட்டது.

"எட்டு மீட்டர். இதைப் போடுங்கோ."