வாயை மூடித் தூங்கப் பழகுவது

நான் வேன் ஓட்டுகிறவன். கடப்பாக்கம் பக்கத்துப் பெண்களை ராத்திரி ஷிப்டுக்கு ஏற்றிப்போய் செங்கல்பட்டு தாண்டி ஒரு கம்பெனியில் விடுவேன். விடிந்ததும் திரும்பக் கொண்டுவருவேன். எனக்குத் தூக்கம் பகலில்தான்.

ஒரு நாள் என் மனைவி சொன்னாள். "குறட்டை வுட்டா வுட்டுட்டுப் போ. நடுவுல மூச்சு நின்னு பூடுதுயா. நான் பக்கத்துல உக்காந்துகினு உன்னைத் தட்டிகினு கீறேன்."

நான் நம்பவில்லை. செல்போனில் எடுத்துக் காட்டினாள். குறட்டை நின்றது. மார் மட்டும் தவித்தது, காற்று இல்லை. அப்புறம் தண்ணிக்குள்ளிருந்து எழுந்தவன் மாதிரி ஒரு இழுப்பு. அது நான்தான். அன்றைக்குப் பிடித்தது பயம்.

ஈறு வீக்கத்துக்குப் பல் டாக்டரிடம் போனபோது சொன்னேன். வாய் திறந்தே தூங்குவதால் வாய் காய்ந்து ஈறு கெட்டுவிட்டது என்றார். தூக்கத்தில் மூச்சைப் பார்க்கிற டெஸ்டுக்குச் சீட்டு எழுதினார். அங்கேயே வாய்ப் பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் இருந்தாள்.

நாக்கு முழுதும் மேலண்ணத்தில் ஒட்டணும். ஒட்டி, டொக்கென்று விடணும். நூல் கட்டிய பெரிய பொத்தானை உதட்டுக்குள் வைத்து இழுக்கணும். உதடு அதை விடக்கூடாது.

"நாக்கைத் தூக்க இவ்ளோ கஷ்டமாம்மா?"

"இத்தனை வருஷம் படுத்தே கெடந்ததுண்ணா. எழுப்பினா மொறைக்கத்தான் செய்யும்."

வண்டிக் கண்ணாடியைப் பார்த்துப் பழகினேன். பக்கத்து வண்டிக்காரன் பார்த்துவிட்டான்.

"இன்னா மச்சான், யாருக்குப் பழிப்புக் காட்றே?"

விஷயத்தைச் சொன்னேன்.

"வாய் மூடணும், அவ்ளோதானே? வயர் டேப்பு ஒட்டிக்கோ."

வயர், ஹோஸ், சீட்டுக் கிழிசல், எல்லாத்துக்கும் எங்களுக்குக் கறுப்பு டேப்புதான். வாய்க்கும் சரியென்று பட்டது. அன்றைக்குக் கடல் காற்றில் மூக்கு அடைத்திருந்தது. அதை யோசிக்கவில்லை. ஒட்டிக்கொண்டு படுத்தேன்.

முழிப்பு வந்தபோது காற்று எந்தப் பக்கமும் இல்லை. வேர்வையில் விரல் வழுக்கியது, டேப்பின் முனை கிடைக்கவில்லை. கட்டிலை உதைத்தேன். மனைவி ஓடிவந்து மீசை மயிரோடு பிய்த்தாள்.

"சாவறதுன்னா சொல்லிட்டுச் சாவுயா" என்றாள்.

மறுநாள் பயிற்சிப் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொன்னோம்.

"டேப்பு யாருண்ணா ஒட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"உதடு தானா மூடணும்ணா. அதுக்குத்தான் பயிற்சியே. இது மட்டும் போதாது, டெஸ்டும் எடுக்கணும். வண்டி ஓட்டறப்போ கண்ணு சொருகுதா?"

போன வாரம் விடியற்காலை, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் எல்லாப் பெண்களும் தூங்குகிறார்கள். வழியில் கருங்குழி ஊர் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.

"டெஸ்ட் முடியற வரைக்கும் ஓட்டாதீங்கண்ணா" என்றாள்.

சாயங்காலமே முதலாளியிடம் சாவியைக் கொடுத்தேன். காரணமும் சொன்னேன். வேறு ஆள் போட்டுவிட்டார். வேலை திரும்ப வருமா தெரியாது.

வீட்டில் இருக்கிறேன். பொத்தான் இழுக்கிறேன். ஈறு கொஞ்சம் தேவலை. டெஸ்டுக்கு இன்னும் கூப்பிடவில்லை.

மத்தியானம் படுத்தால் மனைவி என் மூக்குக்குக் கீழே விரல் வைக்கிறாள். "வருதுயா. தூங்கு" என்கிறாள். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனதும் நான் என் விரலை வைத்துப் பார்க்கிறேன்.