ஊறிய பத்திரிகையும் மூன்று குண்டுகளும்

அந்த யோசனை எனக்கு வந்தது கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு தமிழ்க் கடை வாசலில். அம்மா உள்ளே கணவாய் மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே, இலவசப் பத்திரிகைகள் அடுக்கியிருந்த இடத்தில், பொழுது போகாமல் நின்றேன். மழையும் பனியும் கலந்து பெய்து ஓய்ந்த நாள். கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீரில் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று முழுக்க ஊறிப்போய்க் கிடந்தது. சப்பாத்து நுனியால் ஒரு தட்டுத் தட்டினேன். அசையவில்லை. ஓங்கித் தட்டினேன். நுனி கொஞ்சம் உள்ளே புதைந்து, பிறகு நின்றது. காகிதத்தைத் தட்டியது போலவே இல்லை. இறைச்சிக்கடையில் தொங்கும் தொடையைத் தட்டியது போல இருந்தது.

குண்டுகளை இதற்குள் சுட்டுப் பார்க்கலாமே!

பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைக்கு ஏன் அப்படித் தோன்ற வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டின் நிலத்தடித் தளத்தில், பேஸ்மென்ரில், இருந்தார். ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே லஞ்ச் அறையில் மற்ற மாதங்களில் ஹொக்கி பேசுவார்கள். மாமா ஒருமாதிரிச் சமாளித்துவிடுவார். நவம்பர் பிறந்துவிட்டால் மானைத் தவிர வேறு பேச்சே கிடையாது. மாமா சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பாராம். அதைப் பார்த்து இரக்கப்பட்ட ஃபோர்மன் ஒருநாள், "நீயும் வாயேன்" என்று கேட்டுவிட்டார். மாமா உடனே "யெஸ்" என்று சொல்லிவிட்டார். புரிவதற்கு முன்பே யெஸ் சொல்லிவிடுவதுதான் அவருடைய ஆங்கிலத்தில் இருந்த ஒரே குறை.

சொன்ன யெஸ்ஸைத் திரும்ப வாங்க அவருக்கு மனம் வரவில்லை. படித்தார், சோதனை எழுதினார், லைசென்ஸும் எடுத்துவிட்டார். டிசம்பரில், குழாயின் வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, நீளக் கோலால் இடித்து இறக்குகிற பழைய பாணித் துவக்குகளுக்கு மட்டும் அனுமதி உள்ள ஒரு வாரம் இருந்தது. ஃபோர்மனிடம் அப்படி ஒன்று மேலதிகமாக இருந்தது.

"எங்கட பக்கம் இதை இடியன் துவக்கு எண்டு சொல்லுறது," என்றார் மாமா. "ஒரு வெடிதான். மற்ற வெடிக்கு இடிச்சு முடிக்க மான் ஒஷாவா தாண்டிப் போயிடும்."

அம்மா சைவம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கறி வைப்பவர். ஆகவே, கொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்:

"சுட்டா உடன விழவேணும். காயத்தோட ஓடவிட்டிட்டு வந்தியெண்டா இந்த வீட்டுப் படி ஏறாதை. சொல்லிப்போட்டன்."

"அக்கா, நான் பேஸ்மென்ற். படி இறங்கித்தான் வாறனான்."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவர் சொன்னால் செய்பவர். மாமா போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அப்பா இரவில் வேலை செய்து பகலில் தூங்குபவர். விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் மாமாவை மட்டும் மெஷின் கத்திப் பிடிக்கும். "நான் விலை கூடின ஆள், அதுதான்" என்று எனக்குக் கண்ணடிப்பார். பனி வரப்போவதைத் தொலைக்காட்சிக்கு முன்பே அவருடைய இடது தோள் சொல்லிவிடும். தோளைப் பிடித்துக்கொண்டு "நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை" என்பார்; பெரும்பாலும் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு மனிதர் எங்கள் வீட்டில் இருப்பதும் போவதும் ஒரு ஈயத் துண்டில் வந்து நின்றது. சரியான குண்டைத் தெரிவுசெய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் தரவில்லை.

நானும் மாமாவும் வேட்டைச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒன்று சொன்னார்; பக்கத்தில் நின்றவர் அதை மறுத்தார்; மூன்றாவது ஆள் இருவரையும் பார்த்துத் தலையில் கைவைத்தார். கடைசியில் மூன்று வகையிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கினோம். முதலாவது வெறும் ஈய உருண்டை. துணித்துண்டில் சுற்றி இடிக்க வேண்டும். இரண்டாவது கூம்பு, கையில் வைத்தால் பாரம் தெரியும். மூன்றாவதுக்கு ஒரு பிளாஸ்ரிக் சட்டை; நுனியில் குழி. உடம்புக்குள் புகுந்ததும் பூப்போல விரிந்து அங்கேயே நின்றுவிடும் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. நான் அந்தப் பெட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் படத்தை நம்ப முடியுமா? அங்கேதான் ஊறிய பத்திரிகை வந்தது.

அடுத்த வாரத்திலிருந்து கடை வாசலில் மிஞ்சிய பத்திரிகைகளைக் கட்டாக அள்ளத் தொடங்கினேன்.

"பிள்ளை, உவ்வளவும் என்னத்துக்கு?" என்று கடை அங்கிள் கேட்டார்.

"வேணும், அங்கிள்."

அவருக்கு அது போதும். அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "தங்கச்சி, இஞ்ச பிறந்த பிள்ளையள் ஒண்டும் இந்தப் பேப்பரைத் தொட்டும் பாக்குதில்லை. உங்கட மோள் கட்டுக்கட்டாக் கொண்டுபோய் வாசிக்குது. குடுத்து வைச்சனியள்."

அம்மா அந்தப் பெருமையோடு சில நாள் நடமாடினார். சித்திக்கு ஃபோன் பண்ணிச் சொன்னதும் எனக்குக் கேட்டது. பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலுக்குப் போக முழுகுவதற்கென்று துவாயோடு குளியலறைக் கதவைத் திறந்தார்.

"இதென்ன கோதாரி!"

குளிக்கும் தொட்டி நிறையப் பத்திரிகை. தண்ணீருக்கு மேலே தும்பிக்கை ஒன்று மட்டும் தெரிந்தது.

"பிள்ளையாரை ஊறப்போட்டிருக்கிறியேடி!"

மாமா படியேறி ஓடிவந்தார். இருவருமாக எல்லாவற்றையும் சொன்னோம். நான் குண்டுகளின் வகைகளையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக உரிக்கத் தொடங்கினார். சாமிப் படம் வந்தால் எடுத்து ஒரு பக்கம் வைத்தார். பிறகு மரண அறிவித்தல்கள் வந்தன. பொட்டு வைத்த முகங்கள், கண்ணாடி போட்ட முகங்கள், சிரிக்காத முகங்கள். அவற்றையும் கிழியாமல் உரித்தார்.

"அது சாமி இல்லையே அம்மா."

"செத்த சனத்தை இன்னொருக்காச் சுடப்போறியளோ?"

மாமாவும் குனிந்து உரிக்கத் தொடங்கினார். கடைசியில் தொட்டியில் மிஞ்சியவர்கள் வீடு விற்கும் முகவர்கள், அடமானக் கடன் எடுத்துத் தருபவர்கள், நகைக்கடைக்காரர்கள். கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத் தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"எங்க வைச்சுச் சுடப்போறியள்?"

"ஃபோர்மன்ர ஃபார்மில, அக்கா."

"நானும் வாறன்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கனடா தினத்து வாணவேடிக்கைக்கே பேஸ்மென்ருக்கு இறங்கிப் போய் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறவர் அம்மா.

ஃபார்மில் அவர் வேனை விட்டு இறங்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றி, சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு இருந்தார். ஃபோர்மன் கைகாட்டினார்; அம்மாவும் உள்ளேயிருந்து கைகாட்டினார். பத்திரிகையை மூன்று பெட்டிகளில் இறுக்கி அடைத்து, மண்மேட்டுக்கு முன்னால் வரிசையாக வைத்தோம். மாமாவுக்கு இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க வராது. ஆகவே நான் கோலால் இடித்தேன். அவர் துவக்கை வேலிக்கட்டையில் சாத்தி வைத்துச் சுட்டார்.

ஒவ்வொரு வெடிக்கும் வெள்ளைப் புகை எழுந்து எங்களை மறைத்தது. புகை கலைவதற்குள் நான் பெட்டியை நோக்கி ஓடினேன்; ஃபோர்மன் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து, துவக்கு வெறுமையானதைக் காட்டிய பிறகே விட்டார்.

உருண்டை முக்கால்வாசி போய், தட்டையாகிக் கிடந்தது. கூம்பு பெட்டியில் இல்லவே இல்லை. எல்லா முகவர்களையும் துளைத்துக்கொண்டு மறுபக்கத்தால் வெளியேறி, மண்மேட்டுக்குள் போய்விட்டது. மூன்றாவது, என் அருமை மூன்றாவது, ஒரு வீட்டு முகவரின் பல்வரிசையால் உள்ளே போய், நடுவில் நின்றிருந்தது. விரித்துப் பார்த்தேன். படத்தில் போலவே இதழ் இதழாகப் பூத்திருந்தது. சுற்றியிருந்த தாள்கள் கூழாகிப்போயிருந்தன.

"மாமா, லுக்! உள்ளுக்கயே நிண்டிட்டுது! வெளியால போனா எனெர்ஜி வேஸ்ற். உள்ளுக்க நிண்டா முழு எனெர்ஜியும் உடம்புக்குத்தான். திஸ் இஸ் த பெஸ்ற் வன்!"

மாமா நல்ல மாணவனைப் போலத் தலையாட்டிக் கேட்டார்.

வேன் கதவு திறந்த சத்தம் கேட்டது. அம்மா சால்வையோடு சேற்றில் கால் பதிய நடந்து வந்தார். என் கையிலிருந்த குண்டுப் பூவை வாங்கிப் பார்த்தார். இதழின் விளிம்பு குத்தியிருக்க வேண்டும்; உடனே மற்றக் கைக்கு மாற்றினார்.

"இந்தச் சன்னம் உள்ளுக்க நிண்டதோ?"

"ஓம் அம்மா. அதுதான் நல்லது. ஏனெண்டா..."

"வெளியால போனது எது?"

கூம்பு போன பெட்டியைக் காட்டினேன். அம்மா முன்பக்கத்து ஓட்டைக்குள் விரலை விட்டார். பிறகு பின்பக்கம் போய் அங்கேயும் விட்டார்.

"அதைக் கொண்டு போ," என்றார் மாமாவிடம். "உள்ளுக்க நிக்கிறது வேண்டாம்."

"அம்மா! உங்களுக்கு விளங்கேல்லை. எனெர்ஜி..."

"மானுக்குத் தெரியுமோ உன்ர எனெர்ஜி?"

"சரி அக்கா," என்றார் மாமா. அவருடைய வலக்கை இடது தோளைத் தடவிக்கொண்டிருந்தது. பனி வரப்போகிறது என்று நினைத்தேன்.

திரும்பும் வழி முழுவதும் நான் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன். விஞ்ஞானம் தோற்றுவிட்டது என்பது என் கவலை.

வேட்டைக்குப் போன மாமா மூன்றாம் நாள் பின்னேரம் ஃபோர்மனின் ட்ரக்கில் வந்து இறங்கினார். கையில் காகிதம் சுற்றிய பொட்டலங்கள். அவர் பேஸ்மென்ற் பக்கம் போகவில்லை. முன்வாசலுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல், படிக்குக் கீழேயே நின்றார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெளியால போச்சோ?"

"போச்சு அக்கா. ரெண்டு பாய்ச்சல்தான். அங்கயே விழுந்திட்டுது."

"நீ பாத்தனியோ?"

"கிட்டப் போய்ப் பாத்தனான்."

அதற்குப் பிறகுதான் அம்மா வழிவிட்டார். இறைச்சி சமைக்கிற மச்சச் சட்டியையும் அதற்குப் பிறகுதான் எடுத்தார். அன்றைய கறியில் உறைப்புக் கூடிவிட்டது. ஆளுக்கு முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். மாமா அடுத்த நாள் லஞ்ச் அறைக்கு மான்கறி கொண்டுபோனார். அவர் பேசப் பேச மற்றவர்கள் தலையாட்டினார்களாம்.

வருடங்கள் போய், இப்போது நாங்கள் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கிறோம். வீடு புதிது, பேஸ்மென்ற் பெரிது, மாமா அதே மாமா. போன குளிர்காலம் அவருடைய கை மரத்துப்போகத் தொடங்கியதால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மொழிபெயர்க்க நானும் போனேன். எக்ஸ்ரே படம் திரையில் வந்தது. தோள் எலும்புக்குள், நகத்தளவில், பளிச்சென்று வெள்ளையாக ஒன்று இருந்தது. அது என்ன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அது போன்ற குண்டுகளைத்தான் நான் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கியிருக்கிறேனே. எவ்வளவு காலமாக இருக்கிறது என்று டொக்டர் கேட்டார். "லோங் ரைம்" என்றார் மாமா, யாரோ தெரிந்தவரைப் பற்றிச் சொல்வது போல. எடுத்தால் நரம்பு போகும், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டொக்டர். அம்மா திரையைப் பார்க்கவில்லை. கைப்பையின் ஸிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

காரில் வரும்போது அம்மா தானாகச் சொன்னார்: "அண்டைக்கு ஊரில சூடுபட்டேக்க அந்தச் சன்னம் வெளியால போயிருந்தா அப்பவே ஆறியிருக்கும். தைச்சு விட்டிருப்பம்."

பின்சீற்றில் மாமா தூங்கிவிட்டிருந்தார், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார்.

இந்த வருடம் எனக்கும் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. டிசம்பரில் மாமாவோடு போகப்போகிறேன். இந்த முறை இடிப்பதும் நான், சுடுவதும் நான். கடைகளில் புதிது புதிதாகச் செம்புக் குண்டுகள் வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி இரவு முழுக்க வாசித்தும் விட்டேன். ஆனால் வாங்கி வைத்திருப்பது அதே ஈயக் கூம்புதான். முடிவான விஷயத்துக்குப் பரிசோதனை எதற்கு என்று மாமா கேட்கிறார். கேட்கட்டும். வாற சனிக்கிழமைக்குத் தொட்டி நிறையப் பத்திரிகை ஊறப்போடப் போகிறேன். சாமிகளையும் செத்தவர்களையும் உரித்தெடுக்க அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன். பிறகு அவரையும் ஃபார்முக்குக் கூட்டிப்போய், வேனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருத்தி, குண்டு எல்லாத் தாளையும் தாண்டி வெளியே போவதை இன்னொருக்காக் காட்ட வேண்டும்.