செருப்பில்லாத எழுத்து

அந்த ஆங்கில அச்செழுத்தின் காலில் செருப்பு கிடையாது. மற்ற ஆங்கில எழுத்துகள் அடியிலும் முடியிலும் சின்னக் குறுக்குக் கோடுகளைச் செருப்பும் தொப்பியுமாக மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பியவை போல நிற்கும். இது வெறுங்காலோடு நின்றது. ஆனாலும் ஜமீன் களை. நிமிர்ந்த கோடுகள் பனைமரமாகத் தடித்திருக்கும், குறுக்குக் கோடுகள் தலைமுடி கனம். வட்ட எழுத்துகள் இரு பக்கமும் சதைபிடித்து, உச்சியிலும் அடியிலும் இதோ அறுந்துவிடுவேன் என்பது போல இளைத்திருக்கும். எழுபதுகளின் நடுவில், மலையாள எல்லையிலுள்ள சித்தூரில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்த அச்சகத்துக்கு வைக்கோல் பொதிந்த பெட்டியில் அது வந்து இறங்கியது. எழுத்துக் கோக்கும் எங்கள் கம்பாசிட்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வாத்தியாரே, இதைத் தொடவே பயமா இருக்குதுங்க" என்றார்.

நான் வாத்தியார் இல்லை. நாலு புத்தகம் படித்திருந்ததால் அந்தப் பட்டம். அழகு சம்பந்தப்பட்ட தீர்ப்புகளெல்லாம் என்னிடம் வரும், வராதபோதும் வழங்குவேன். நல்லேப்பிள்ளியில் ஒரு பெரிய பண்ணைக்காரர் இறந்து, அவருடைய மகன் கருமாதிப் பத்திரிகை அடிக்க வந்தபோது, முகப்பில் அப்பாவின் பெயரை இந்த எழுத்தில் பெரிதாகப் போடச் சொன்னவன் நான். கறுப்புக் கரையும் வேண்டாம் என்றேன். வெள்ளைத் தாளில் அந்தப் பெயர் தனியாக நிற்கட்டும், கரை கட்டுவது பட்டிக்காட்டுத்தனம் என்று கால் மணி நேரம் பேசிய ஞாபகம். பத்திரிகை அவ்வளவு அழகாக அமைந்தது. விளைவு, ஒரே வருடத்தில் சித்தூருக்குக் கிழக்கே செத்தவர்கள் எல்லோருக்கும் அந்த எழுத்துதான் வேண்டியிருந்தது.

கருமாதிக் கடுதாசியை எங்கள் பக்கம் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே பார்த்து, கிழித்துப் போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் அந்த முகப்பைக் கண்டதும் கை தானாகக் கிழிக்கப் பழகிவிட்டது. அச்சகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்த எங்களுக்கு இது தெரியவில்லை.

கம்பாசிட்டருக்கு ஒரே மகள். எருத்தேன்பதியில் மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. இரண்டு இடம் தட்டிப்போய் மூன்றாவதாக அமைந்தது. அதனால் அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டிருந்த காலம். பத்திரிகை முகப்பில் மணமக்களின் பெயரை அந்த எழுத்தில் அவரே கோத்தார். மெல்லிய கோடு நசுங்காமலிருக்க மெஷினில் எழுத்துக்கு அடியில் தாள் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டார். பிறகு நாலு மூலையிலும் வைக்க மஞ்சளைக் குழைத்தார். நான் தடுத்தேன். "அண்ணா, இந்த வெள்ளையில மஞ்சள் பட்டா எழுத்தோட அமைப்பே போயிடும்." அவர் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "படிச்சவரு சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று கிண்ணத்தை ஓரமாக வைத்தார். பத்திரிகைகள் உறையில்லாமல், முகப்பு தெரிய மடித்து, தபாலில் போயின.

நாலாம் நாள் மாப்பிள்ளையின் பெரியப்பா பஸ் ஏறி வந்துவிட்டார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, நீங்க அனுப்புனது கண்ணாலக் கடுதாசியா, கருமாதிக் கடுதாசியா? வாசல்லயே கிழிச்சுப் போட்டு, சளியோட பச்சத்தண்ணியில தல முழுகிப்போட்டு, யாரு செத்தாங்கன்னு விசாரிச்சா, அது என்ற தம்பி பையன் கண்ணாலக் கடுதாசிங்கறாங்க."

"நீங்க மட்டுமாங்க?" என்றார் கம்பாசிட்டர்.

"எங்க வளவுல ஒம்போது ஊட்டுல கிழிச்சாச்சு. சகுனம் சரியில்ல, நிறுத்திப்போடலாம்னு பொம்பளைங்க சொல்றாங்க. இந்த எழுத்தும் மஞ்சளில்லாத தாளும் ஆரோட யோசனைங்க?"

நான் ஒரு கத்தைப் புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தேன். ஒரு காற்புள்ளியை மிகக் கவனமாகப் பார்த்தேன்.

"தப்பு என்னுதுங்க" என்றார் கம்பாசிட்டர். "வேற அடிச்சு, கிழிச்ச ஊடு ஒவ்வொண்ணுக்கும் நானே கொண்டாந்து குடுக்கறனுங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க."

குண்டுக் குண்டான பழைய தமிழ் எழுத்தில், பிள்ளையார் படத்தோடு, மஞ்சள் வழிய வழியப் புதுப் பத்திரிகை தயாரானது. மறுநாள் இரண்டு சைக்கிளில் போனோம். ஒவ்வொரு வாசலிலும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு தப்பு தன்னுடையது என்ற அதே வாக்கியத்தைச் சொன்னார். நான் பின்னால் நின்றேன். அடுத்த வீட்டில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஓடைக்கரை நெடுக ஒப்புதல் வாக்குமூலத்தை நல்ல நடையில் மனதுக்குள் திருத்திக்கொண்டே மிதித்தேன். எட்டு வீடுகள் அப்படிப் போயின. என் வாழ்க்கையில் அவ்வளவு திருத்தப்பட்டு அச்சேறாத பிரதி வேறில்லை.

ஒன்பதாவது, பெரியப்பா வீடு. தாளை வாங்கி, மஞ்சளைத் தொட்டுப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். "செரி, போறது போகட்டும். கண்ணாலம் நடக்கட்டும்" என்று உள்ளே குரல் கொடுத்தார். இரண்டு சொம்பு மோர் வந்தது. கம்பாசிட்டர் சொம்பை வாங்கும்போது பாதி மோர் சட்டையில் சிந்தியது.

"இவரு ஆருங்க, கூடவே வர்றாரு?" என்றார் பெரியப்பா.

"நம்ம வாத்தியாருங்க. ரொம்பப் படிச்சவரு. அச்சுல தப்பு வராமப் பாத்துக்கறது இவருதானுங்க."

கேலியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. மெய்யாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். நான் சொம்பைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்து, மோரில் உப்பு அளவாக இருக்கிறது என்றேன்.