மரால் சொன்னால் வாங்கலாம்

அல்மாட்டியில் காது கேளாதவர்கள் யார் புதுப் போனோ டேப்லெட்டோ வாங்கப் போனாலும் முதலில் மராலைத்தான் கேட்பார்கள். அவளும் காது கேளாதவள், திரைச்சீலை தைக்கும் பட்டறையில் வேலை, வயது ஐம்பத்திரண்டு. புதுச் சாமான் சந்தைக்கு வரும் நாளில் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்பாள். முகம் பார்த்துப் பேசும் போனைக் காது கேளாதோர் சங்கத்துக்கு முதன்முதலில் கொண்டுவந்து காட்டியவளும் அவள்தான். பணக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். குளிர்காலப் பூட்ஸுக்கு மூன்று வருடமாக ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பவள்.

அவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. காது கேட்கிறவர்கள் லைன் சரியில்லை என்றால் படத்தை அணைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். கையால் பேசுகிறவர்களுக்குப் படம்தான் பேச்சு. படம் நின்றால் வாயைப் பொத்தியது போலத்தான்.

அந்தப் பிப்ரவரியில் வந்த டேப்லெட் ரொட்டித் தட்டு அகலம், விரல் தடிமன்கூட இல்லை. விலையைக் கேட்ட அவள் கணவன் தோலெகென் ரசீதை வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்தான். அவன் பேருந்து ஓட்டுநர், காது கேட்பவன், இருபத்தாறு வருடமாக அவளோடு கையால் பேசிப் பழகியவன். மரால் அதைச் சமையலறை மேசையில் ரொட்டிப் பெட்டிமேல் சாய்த்து வைத்து, அஸ்தானாவில் இருக்கும் தோழியோடு ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தாள். அவள் எப்போதும் பேசுகிற இடம் அது, கைக்கு ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும். எதிரே இருப்பவளின் நகச்சாயம்வரை தெரிந்தது. வைஃபை பெட்டி தன் தலைக்கு மேலே, இரண்டு முழத்தில் தொங்குகிறது என்பதை அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலையே சங்கத்தின் போன் குழுவில் போட்டாள்: வாங்கலாம். நாலு நாள் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகிப் போகும்? முதலில் சொன்னவள் என்ற பெயர் அவளுக்கு வேண்டியிருந்தது. அதுதான் அவளுடைய பலவீனம். பதினொரு பேர் வாங்கினார்கள்.

பதினோராவது ஆள் குல்யான். காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் மராலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது வடக்கே செமெய் நகரத்தில் மருமகள் ஜானிலோடு இருக்கிறாள். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டு, கண்ணையும் பாதி தின்றிருந்தது. போனில் பார்த்தால் உன் விரல் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவளிடம், பழையதை விற்றுவிட்டு இதை வாங்கு என்று வற்புறுத்தியவள் மரால்.

ஒரே வாரத்தில் குட்டு வெளிப்பட்டது. வைஃபை பெட்டியைவிட்டு நாலடி தள்ளிப் போனால் போதும், நடுவில் ஒரு சுவர் வந்தால் போதும், அரை நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டும். பழைய போன் அதே அறையில் சுகமாக வேலை செய்யும். குழுவில் பதினொரு பேரும் வீடியோ அனுப்பினார்கள். ஒரு தச்சர் கழிப்பறைக் கதவில் சாய்ந்தபடி கையை ஆட்டினார்: "எங்க வீட்ல வைஃபை இங்கதான். இனிமே நலம் விசாரிக்கணும்னா இங்க வந்துதான் விசாரிக்கணும், மரால். உனக்குப் புண்ணியமாப் போகும்."

கடைக்கு தோலெகெனை அழைத்துக்கொண்டு போனாள். விற்பனைப் பையன் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த அப்டேட்ல சரியாகிடும்ணே. இப்போதைக்குப் படம் கொஞ்சம் நிக்கும், அவ்வளவுதான். சத்தம் நல்லாத்தானே வருது?" என்றான்.

தோலெகென் அதைக் கையால் சொல்லத் தயங்கினான். மரால் அவன் தோளைத் தட்டி, "என்ன சொல்றான்? முழுங்காம சொல்லு" என்றாள். சொன்னான்.

"சத்தம் அருமையா வருதாம்னு சொல்லு. எனக்குப் பதிலா அவனையே அதைக் கேட்டு எழுதித் தரச் சொல்லு."

பையன் முகம் சிவந்து ஒரு அட்டையை நீட்டினான். புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. அதைப் பார்த்து தோலெகெனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மரால் சிரிக்கவில்லை. பதினொரு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது. அதைவிடப் பெரியது வரப்போவது தெரியாது.

மார்ச் முதல் வாரத்தில் ஜானில் தோலெகெனுக்குப் போன் செய்தாள். "மாமா, அத்தை இனிமே டயாலிசிஸ் வேண்டாம்னுட்டாங்க. உடம்பு தாங்கலை. மரால் பெரியம்மா முகத்தைப் பார்க்கணுமாம்."

அன்றைக்குத்தான் வடக்கே பனிப்புயல். விமானம் ரத்து, நெடுஞ்சாலை மூடல், ரயில் எப்போது கிளம்பும் என்று நிலையத்தில் யாருக்கும் தெரியவில்லை. சாகப்போகிறவரின் எதிரே உட்கார்ந்து, என்மேல் மனக்குறை இல்லையே என்று கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொள்வது அங்கே எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அதை வாங்காமல் விட்டவர்கள் ஆயுசுக்கும் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மராலுக்குக் கேட்டே ஆக வேண்டிய ஒன்று இருந்தது. அந்த விடுதிப் பள்ளியில் கையால் பேசக்கூடாது, உதட்டால்தான் பேசப் பழக வேண்டும். பத்து வயதில் ஒருநாள் மேசைக்கு அடியில் கையால் பேசியது மரால். யார் என்று மேற்பார்வைக்காரி வந்து நின்றபோது, மரால் குல்யானைக் காட்டிவிட்டாள். கம்பளிக் கையுறைகளை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் இறுகக் கட்டி, குல்யானை ஒரு வாரம் அப்படியே விட்டார்கள். ஒரு வாரம் அவளுக்குப் பேச்சே இல்லை. சூப்பைக் கன்றுக்குட்டி மாதிரி தட்டில் வாய் வைத்துக் குடித்தாள். தன்னை யார் காட்டிக்கொடுத்தது என்று குல்யானுக்குத் தெரியாது. மேற்பார்வைக் கிழவி ஆள் மாறிப் பிடித்துவிட்டாள் என்று சொல்லி, எல்லாக் கல்யாண வீட்டிலும் அதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பாள். நாற்பத்திரண்டு வருடமாக மராலும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

வீடியோவில் அழைத்தாள். குல்யானின் முகம் வந்தது, வீங்கியிருந்தது. மரால், "உன்கிட்ட ஒண்ணு" என்று கையைத் தூக்குவதற்குள் படம் நின்றது. மறுபடி அழைத்தாள், மறுபடி நின்றது. அங்கே கட்டிலுக்கும் வைஃபை பெட்டிக்கும் நடுவே கான்கிரீட் சுவர். கட்டிலை நகர்த்த முடியாதபடி குழாயும் மருந்துப் பாட்டிலும். பழைய போனை விற்றாயிற்று, ஜானிலின் சின்னப் போன் குல்யானின் கண்ணுக்குப் பிடிபடாது. பதிவு செய்து அனுப்பிய வீடியோவும் பாதியில் நின்றது. பதினேழு முறை முயன்றாள். அவளே ஆசையாக வாங்கிய சாமானை ஜன்னல் வழியே எறிந்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

தோலெகென் சொன்னான்: "நீ கையில சொல்லு, நான் ஜானில்கிட்ட போன்ல சொல்றேன். அவ பெரிசா எழுதிக் காட்டட்டும்."

"வேண்டாம்."

"ஏன்? அப்படி என்ன ராணுவ ரகசியம்?"

"ரெண்டு பேர் காது வழியா போற விஷயம் இல்ல இது. நீ வெளியே போ."

அவன் முகம் சுருங்கி வெளியே போனான். மரால் நின்றுபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குல்யானின் கை பாதியில் நின்றிருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. வீடியோ போகாது, ஒரு புகைப்படம் போகும். அவள் கதவைச் சாத்திவிட்டு, பழைய போனை ரொட்டிப் பெட்டிமேல் சாய்த்து, பத்து வினாடிக்கு ஒருமுறை தானாகப் படம் எடுக்கும்படி வைத்தாள். ஒவ்வொரு சொல்லாகக் கையில் பிடித்து அசையாமல் நின்றாள். கையுறை. மேற்பார்வைக்காரி. பேசியது. நான். காட்டியது. நான். மன்னி. வழக்கமாக ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற சேதி. சரியாக விழாததைத் திரும்ப எடுத்ததோடு சேர்த்து, அதற்குப் பதினான்கு படமும் ஒரு முழுக் காலைப்பொழுதும் ஆனது. 'நான்' என்று நெஞ்சைத் தொட்ட படத்தில் அவள் விரல் மங்கலாக விழுந்தது. அதை மறுபடி எடுத்தாள்.

படங்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. சோறு, தண்ணீர், வலி என்ற மூன்று சைகைக்கு மேல் தெரியாத ஜானில், ஒன்றும் புரியாமலே டேப்லெட்டை மாமியாரின் முகத்தருகே பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தாளாம். குல்யான் நாலு தடவை பார்த்தாளாம். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாளாம்.

அன்று பதில் இல்லை. மறுநாள் மத்தியானம்வரை இல்லை. தைக்கும்போது மரால் இரண்டு முறை விரலில் ஊசி ஏற்றிக்கொண்டாள். பிறகு ஜானில் எடுத்த படங்கள் வந்தன, நான்கு. படத்துல. விடமாட்டேன். நேர்ல. வா.

அவ்வளவுதான். கோபமா, கேலியா, முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. தோலெகென் படங்களைப் பார்த்தான். போக்குவரத்துக் கழகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு ரயில் நிலையத்தில் எட்டு மணி நேரம் நின்று இரண்டு சீட்டு வாங்கி வந்தான். வழியில் அயகோஸ் நிலையத்தில் தண்டவாளத்துப் பனியை வெட்டி முடிக்கும்வரை ஒரு பகல் முழுக்க ரயில் நின்றது. மரால் ஒரு வாய்த் தேநீர்கூடக் குடிக்கவில்லை. இன்னும் இருக்கிறாளா என்று ஜானிலைக் கேள், கேள் என்று கணவனைப் பிடுங்கி எடுத்தாள்.

செமெய் வீட்டில் நுழைந்தபோது குல்யான் இருந்தாள். கண்தான் முந்தின நாளோடு போய்விட்டிருந்தது. மரால் கட்டிலின் ஓரம் உட்கார்ந்து கையைத் தூக்கினாள், அப்புறம்தான் அது பயன்படாது என்று உறைத்தது. குல்யானின் கையை எடுத்து, பள்ளி நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்த தன் தாடை மச்சத்தின்மேல் வைத்தாள். வந்தது யார் என்று குல்யானுக்குப் புரிந்தது.

அவள் மராலின் இரண்டு கைகளையும் தேடிப் பிடித்து மணிக்கட்டில் வளைத்துக்கொண்டாள். நாடாவால் கட்டுகிற மாதிரி அழுத்திப் பிடித்தாள், பலம் இருந்த மட்டும். மரால் இழுத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பேச ஒரு சொல்லும் இல்லாமல், கை கட்டுண்டு, அவள் அழுதுகொண்டே இருந்தாள். தண்ணீர் கொண்டுவந்த ஜானில் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பிறகு குல்யான் ஒவ்வொரு விரலாகத் தளர்த்தி அந்தக் கைகளை விட்டாள். தன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, மனக்குறை இல்லை என்றாள்.