நான்கு விரல் தண்ணீர்

கண்ணாடிக் கடையில் அவளுடைய வேலையே கேள்வி கேட்பதுதான். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைப்பாள். கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையை மாட்டி, பிறகு இன்னொன்றை மாட்டி, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துதா?" என்று கேட்பாள். பதினோரு வருடமாக இதே கேள்வி. வீட்டுக்கு வந்தாலும் அவளுக்குக் கேள்வி ஓயாது. சுவருக்கு இந்த நிறம் சரியா, கொடிக்கு இந்தக் கயிறு சரியா, செடிக்கு இவ்வளவு மண் சரியா? தெருவில் அவளுக்கு 'சரியாக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளுக்கும் அது தெரியும், கோபப்பட மாட்டாள்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று, மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம். வீடு கணவருக்கும் அவர் தம்பிக்கும் பொது. மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை கொழுந்தனுடையது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் பிரேக் மேல் கால் வைத்தே பழகியவர், வீட்டிலும் அப்படித்தான் இருந்தார். மண் ஏறினால் கூரை தாங்காது, தண்ணீர் விட்டால் தன் கட்டிலில்தான் ஒழுகும் என்று ஒரே பிடியாக நின்றார். கணவரைக் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று நழுவிக்கொண்டார்.

அவளும் ஆறு மாதமாக ஊரையே கேட்டாள். பெயின்ட் கடைக்காரர் மூன்று பூச்சு பூசச் சொன்னார். நாற்றுப் பண்ணைக்காரர் பூச்சே வேண்டாம் என்றார். கைபேசியில் இருந்த தோட்டக் குழுவில் மாடியின் படத்தைப் போட்டு "செய்யலாமா?" என்று கேட்டபோது நாற்பது பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் மட்டும் தன் வீட்டுக் கூரை விழுந்த கதையைப் போட்டார். அந்த ஒரு கதை நாற்பது கட்டை விரலையும் தின்றுவிட்டது.

கடைசியில் கொத்தனாரைக் கூட்டிவந்தாள். அவர் மாடி முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கீழே இறங்கிப் போய் உத்தரங்களைப் பார்த்தார். மண் பைகளைச் சுவர் ஓரமாக வைத்தால் எடை ஒரு பொருட்டே இல்லை என்றார்.

"அப்போ ஒழுகாதுல்ல? சரியா இருக்கும்ல?" என்றாள் அவள்.

"நான் சொன்னா இன்னொருத்தர்கிட்ட போய்க் கேப்பீங்கம்மா. மாடியில தண்ணி வடியற ஓட்டையை அடைச்சு நாலு விரல் தண்ணி கட்டுங்க. மூணு நாள் நிக்கட்டும். கூரை என்ன சொல்லுதோ அதுதான்."

கொழுந்தனும் இதற்கு ஒத்துக்கொண்டார். தண்ணீர் நின்றால் தோட்டம். இறங்கினால் இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அவளும் தலையாட்டிவிட்டாள்.

ஞாயிறு காலை வடிகால் துளையில் துணியைத் திணித்து மேலே சிமென்ட் குழைத்து அப்பினாள். குழாயைத் திறந்துவிட்டு, நான்கு விரல் உயரம் வந்ததும் கைப்பிடிச் சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். திங்கள் காலை போய்ப் பார்த்தபோது தண்ணீர் கோட்டுக்கு அரை விரல் கீழே நின்றது.

கீழே கூரை காய்ந்துதான் இருந்தது. வெயில் குடித்ததா, கூரை குடித்ததா? குழுவில் கேட்கக் கைபேசியை எடுத்தவள், கூரை விழுந்த கதையை நினைத்து அதைக் கீழே வைத்தாள். கடையில் எதையும் தனியாகக் காட்டினால் யாருக்கும் தெளிவு வராது. பக்கத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும். ஒரு வாளியில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் பிடித்துக் கோடு போட்டாள். வாளியில் ஓட்டை கிடையாது. இரண்டும் ஒரே அளவு இறங்கினால் குற்றவாளி வெயில்தான். காக்கை குடித்துவிட்டால் கணக்குத் தப்பிவிடுமே என்று வாளியைப் பத்திரமாக மாடிப்படிக் கூரைக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாடித் தண்ணீர் இன்னும் அரை விரல் இறங்கியிருந்தது. வாளி ஒரு நூல்கூட இறங்கவில்லை.

கொழுந்தன் இரண்டையும் குனிந்து பார்த்தார். "அண்ணி, வாளி அப்படியே இருக்கு. அப்போ மேல இருந்தது எங்க போச்சு? எல்லாம் கான்கிரீட்டுக்குள்ள இருக்கு. அடுத்த வாரம் என் தலையில கொட்டும். துணியை எடுத்துடுங்க."

கேள்வி அவளுடையது, சாட்சியும் அவள் கொண்டுவந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வடிகால் பக்கம் நடந்தாள். குனிந்து சிமென்ட்டைப் பெயர்க்கக் கை வைத்தபோதுதான் கால் சுட்டது. காலை பத்து மணிக்கே தண்ணீர் குளிக்கலாம் போலச் சூடாக இருந்தது. அப்படியே நின்றாள். பிறகு விறுவிறுவென்று திரும்பிப் போய் வாளிக்குள் கையை விட்டாள். ஜில்லென்று இருந்தது.

"தம்பி, வாளியை நான் நிழல்ல வெச்சுட்டேன். நிழல்ல வெச்சா எப்படி வத்தும்? இன்னும் ஒரு நாள் குடுங்க."

"மூணு நாள்னுதானே பேச்சு?"

"ஆமா. தப்பு என்னோடது, அதனாலதான் கேக்கறேன். நாளைக்கு நீங்களே வந்து அளங்க."

அவள் வாயிலிருந்து 'சரியா?' வரும் என்று கொழுந்தன் காத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அவருக்கே அது என்னவோ போல இருந்திருக்க வேண்டும், "ஒரே ஒரு நாள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவள் வாளியைத் தூக்கிவந்து மாடி நடுவில், தண்ணீருக்குள்ளேயே, வெயில் தலையில் விழும்படி வைத்தாள். காக்கை குடித்தால் குடிக்கட்டும். இரண்டிலும் புதுக் கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அன்று கடையில் ஒரு பெரியவருக்கு ஒரே வில்லையை நான்கு முறை மாட்டிவிட்டதாக முதலாளி பிறகு சொன்னார்.

புதன் காலை அவளுக்கு முன்பே கொழுந்தன் மாடியில் இருந்தார், கையில் இரும்பு அளவுகோல். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு முதலில் சுவர்க் கோட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தார். எட்டு மில்லிமீட்டர். வாளியை அளந்தார். எட்டு. நம்பாமல் சுவரை மூன்று முறை அளந்தார், மறுபடி வாளிக்கு வந்தார். கீழே போய் நாற்காலி போட்டு ஏறித் தன் அறைக் கூரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"காய்ஞ்சுதான் இருக்கு அண்ணி" என்றார். அதைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

அவள் சிமென்ட்டைத் தட்டிப் பெயர்த்துத் துணியை உருவினாள். நான்கு நாள் தண்ணீரும் சுழித்துக்கொண்டு குழாய் வழியே தெருவில் இறங்கிய சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அந்தச் சத்தம் ஓயும்வரை இடுப்பில் கை வைத்து நின்றாள். அன்று அவள் கடைக்குப் போகவில்லை. ஆறு மாதமாகப் படிக்கட்டுக்கு அடியில் காத்திருந்த இருபத்திரண்டு பைகளையும் மேலே ஏற்றத் தொடங்கினாள். எதை எங்கே வைப்பது என்று யாரையும் கேட்கவில்லை. பத்தாவது பைக்கு மேல் கொழுந்தனும் முணுமுணுத்துக்கொண்டே தோள் கொடுத்தார்.

கடைசிப் பையை அவர் தன் அறைக்கு நேர் மேலே இருந்த சுவர் ஓரம் இறக்கி வைத்து, மூச்சு வாங்கியபடி கேட்டார்.

"இதுல என்ன போடப் போறீங்க?"

"பாகற்காய்."

"எனக்கு அது பிடிக்காதே."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் விதைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.