அணைக்காத சூடம்

தரணிதரன் பொய் சொல்வதை நிறுத்தியபோது அவனுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதற்கு முன் அவன் சொன்ன பொய்கள் பெரியவை அல்ல. கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் தனக்குச் செவ்வாய் தோஷம் என்றான். அவன் அம்மா வீரம்மா அதை நம்பி, அதே தோஷமுள்ள பெண்ணைத் தேடி ஊர் ஊராகப் போய் வந்தாள். கூட வேலை செய்பவர்கள் பெண்களைப் பற்றிப் பேசிச் சிரித்தால் அவனும் ஒரு பெயரைச் சொல்லிச் சிரித்தான். அந்தப் பெயரில் ஒரு பெண்ணும் இருக்கவில்லை.

அவர்களுடைய தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், டிக்கோயாவிலிருந்து நோட்டன் பிரிட்ஜுக்குப் போகும் பாதையில் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுவது தரணியின் வேலை. பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றாடியைப் போட்டுவிட்டு, கையில் அள்ளி இறுக்கினால் பந்துபோல நிற்கிற பதம் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மழைக் காலத்தில் அந்தப் பதம் வரச் சுணங்கும். அவசரப்பட்டால் முழுக் கொழுந்தும் வீண். அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மாடியில் பெரும்பாலும் தனியாக இருக்கலாம்.

புத்தர் பிறந்த பௌர்ணமியான வெசாக் நாள் ஒன்றில், நோட்டன் பிரிட்ஜில் இலவசமாகச் சாப்பாடு போடும் தன்சலுக்குப் போனவன், சோறு வாங்கித் தின்றுவிட்டு மழைக்கு ஒதுங்கிய இடம் அங்கிருந்த சின்ன விகாரை. உள்ளே ஹாமுதுரு என்கிற பிக்கு சிலரை உட்காரவைத்துத் தியானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சிங்களம் தரணிக்குப் போதுமான அளவு தெரியும். மூச்சைப் பாருங்கள், மனதில் என்ன வருகிறதோ அதைப் பாருங்கள், ஆசை வந்தால் ஆசை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றார். அடுத்ததாக அது அசிங்கம், அதை விரட்டு என்று சொல்வார் என்று தரணி காத்திருந்தான். அவர் சொல்லவில்லை. ஆசை துக்கத்தில் கொண்டுபோய் விடும் என்பதை அவன் பிறகு கேட்டான். ஆனால் அது பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறவனுக்கும் தனக்கும் ஒரே மாதிரியாகச் சொல்லப்பட்டதில் அவனுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. தனக்கென்று தனியாக ஒரு பாவம் வைக்கப்படாத இடம் ஒன்றில் முதன்முதலாக உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு போயா எனும் பௌர்ணமி நாட்களில் விகாரைக்குப் போய்ச் சில் எனும் விரதம் எடுத்தான். மாரியம்மன் திருவிழாவில் காவடியோடும் நடந்தான். தோட்டத்தில் யாரும் இதை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. பௌத்தர்களின் ஐந்து சீலங்களில் மூன்றாவது, தகாத உறவு வேண்டாம் என்பது. அதில் தன்னைப் போன்றவன் சேர்கிறானா என்று ஒரு நாள் ஹாமுதுருவிடம் நேராகவே கேட்டான். அவர் நெடுநேரம் யோசித்தார். அடுத்தவன் மனைவியைத் தொடுவது, விருப்பமில்லாதவரைத் தொடுவது, இவைதான் எனக்குத் தெரிந்தவரை அதில் வரும், நீ கேட்டது வராது என்றார். பிறகு, இதைப் பற்றி இனி என்னிடம் பேச வேண்டாம் என்றும் சொன்னார்.

மூன்றாவதைவிட நான்காவதுதான் தரணிக்குக் கஷ்டமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. செவ்வாய் தோஷத்தை விட்டான். "எனக்குக் கல்யாணம் வேணாம்மா" என்று மட்டும் சொன்னான். வீரம்மா காரணம் கேட்டபோது பேசாமல் இருந்தான். அவளும் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்தினாள். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் அவளுக்கு வந்திருக்க வேண்டும்.

பிரதாப் கொழுந்து லொறி ஓட்டுபவன். தரணியைவிடச் சில வயது இளையவன். மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஸ்டோருக்குக் கொண்டுவந்து இறக்குவான். இறக்கிய பிறகும் மாடியில் நின்று பேசிக்கொண்டிருப்பான். அப்படித்தான் அவர்கள் உறவு தொடங்கியது. மூன்று வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. தரணி யாரிடமும் பொய் சொல்ல வேண்டிவரவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

கனரக வாகன லைசென்ஸ் விஷயமாகப் பிரதாப் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. தரணியும் கூடப் போனான். வேலை முடிந்து கோட்டை ரயில் நிலையத்துக்கு வருகிற வழியில் ஒரு ஊர்வலம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கை கோத்துக்கொண்டு, வானவில் நிறக் கொடி பிடித்து, மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். தரணி ஓரமாக நின்று பார்த்தான். அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தது பிரதாப்தான். யாரோ ஒரு பெண் இருவர் கன்னத்திலும் நிறம் பூசினாள். அரை மணி நேரம் நடந்திருப்பார்கள். பட்டப்பகலில் பிரதாப்பின் தோளில் கை போட்டுக்கொண்டு தரணி நடந்தது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். ஊருக்குத் திரும்பும் ரயிலில், ரொசெல்ல தாண்டும்போது இருவரும் தண்ணீர் தொட்டுக் கன்னத்தைத் துடைத்தார்கள்.

யாரோ எடுத்த படம் சில மாதங்கள் கழித்துப் பேஸ்புக்கில் வந்தது. கொழும்பில் கடையில் வேலை செய்கிற தோட்டத்துப் பையன் ஒருவன் அதைப் பார்த்து அனுப்ப, விடிவதற்குள் எல்லார் போனிலும் இருந்தது. பீலிக்கரையில் தரணி முகம் கழுவப் போனபோது ஒருவன் கேட்டான்.

"என்னா தரணி, சீரு எந்த வீட்டுலேருந்து வருது? நீ மாப்பிள வீடா, பொண்ணு வீடா?"

எல்லாரும் சிரித்தார்கள். தரணி முகத்தைக் கழுவிவிட்டு வந்தான்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. பிரதாப்பின் தங்கை சர்மிளாவுக்கு டயகமவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். படம் அங்கேயும் போய்ச் சேர்ந்தது. விஷயம் தெளிவாகும்வரை நாள் குறிக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிரதாப்பின் அப்பா கந்தப்பன் கோயில் கமிட்டியில் இருப்பவர். அவர் தோட்டத் தலைவர் ஆண்டியப்பனிடம் போனார். இரண்டு பேரும் வெள்ளிக்கிழமைப் பூசையில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும் என்று தலைவர் முடிவு சொன்னார்.

தோட்டத்தில் எந்த வழக்குக்கும் அதுதான் கடைசி. மாரியம்மன் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. அணைத்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. டயகமக்காரர்களும் அதற்குச் சம்மதித்தார்கள்.

தரணி விகாரைக்குப் போனான். இன்னொருவனைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா என்று கேட்கத்தான் போனான். கேட்பதற்கு முன்பே ஹாமுதுரு பேசினார். விஷயம் அவர் காதுக்கும் வந்திருந்தது. தமிழ்ப் பிள்ளைகளை விகாரை கெடுக்கிறது என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் தன்னால் தாங்க முடியாது என்றார். கொஞ்ச நாளைக்கு வராமல் இருப்பது நல்லது என்றார். அதைச் சொல்லும்போது அவர் வெட்கப்பட்டார் என்பது தரணிக்குத் தெரிந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் பிரதாப் மாடிக்கு வந்தான். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"ஒரு நிமிஷ வேல தரணி. ஒன்னுமே இல்லன்னு சொல்லி அணைச்சிட்டா எல்லாம் முடிஞ்சிரும்."

"நீ அணைச்சுக்க. நான் ஒன்னத் தடுக்கல."

"நீ அணைக்கலன்னா நான் அணைச்சது பொய்யின்னு ஆயிரும்ல."

"பொய்தான?"

பிரதாப் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அந்த ஹாமுதுரு சொன்னது ஒனக்குப் பெருசு. நான் சிறுசு. தங்கச்சி கல்யாணம் அதவிடச் சிறுசு" என்றான். பிறகு அழுதான். ஏதாவது செய் என்று கெஞ்சினான். தரணி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அவனுக்கே தெரியவில்லை.

சாயந்தரம் கோயிலில் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் சனம் முழுவதும் நின்றது. டயகமவிலிருந்து மாப்பிள்ளையின் மாமன் வந்திருந்தார். பூசாரி வெற்றிலையில் சூடம் வைத்துக் கொளுத்தினார். முதலில் பிரதாப். "எனக்கும் தரணி அண்ணனுக்கும் ஒன்னுமே இல்ல, இது சத்தியம்" என்று ஒரே மூச்சில் சொல்லி உள்ளங்கையால் அடித்தான். சூடம் அணைந்தது. அவன் கையை உதறவும் இல்லை.

பூசாரி இரண்டாவது சூடத்தைக் கொளுத்தினார். தரணி அதன் முன்னால் வந்து நின்றான். கையை நீட்டவில்லை.

"நான் சத்தியம் பண்ண மாட்டேங்க" என்றான். "நான் ஆம்பளைய விரும்புறவன். வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அப்புடித்தான். அதுல எனக்கு வெக்கம் இல்லீங்க. போட்டோவுல நிக்கிறது நான்தான். என்னையப் பத்தி நான் சொல்லிட்டேன். வேற யாரப் பத்தியும் ஏங்கிட்டக் கேக்காதீங்க."

சூடம் அதுபாட்டுக்கு எரிந்து தீர்ந்து, வெற்றிலையைக் கருக்கிவிட்டு அணைந்தது. கந்தப்பன்தான் முதலில் வாய் திறந்தார். அவர் குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

"கேட்டுக்கிட்டீங்களா? எம்மகன் சூடத்த அணைச்சிட்டான். இவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். ஒன்னுந்தெரியாத பையன இழுத்துக்கிட்டுப் போயிருக்கான்."

தலைவர் பிரதாப்பைப் பார்த்து, அப்படித்தானா என்றார். பிரதாப் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க. இவருதான் கூட்டிட்டுப் போனாரு" என்றான்.

அது பொய் என்று காட்டத் தரணிக்கு ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் மாமன் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். அடுத்த முகூர்த்தத்தில் நாள் குறித்தார்கள்.

தரணியை இனி நல்லது கெட்டதற்குச் சேர்ப்பதில்லை என்று தீர்மானமானது. அவனை வீட்டில் வைத்திருந்தால் வீரம்மாவுக்கும் அதுதான். அவள் அன்றைக்கும் அவனுக்குச் சோறு போட்டாள். அவன் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சூடத்த அணைக்க ஒனக்குக் கை இல்லாமப் போச்சா?" என்றாள். "எத்தன பேரு பொய்யா அணைச்சிட்டுப் புள்ள குட்டியோட நல்லாத்தான் இருக்கான்."

"முடியலம்மா."

"நாளைக்கி நான் செத்தா தூக்க ஆளு வரணும்டா. நீ ஒத்தையில தூக்குவியா?"

அவன் எழுந்து தின்ற தட்டைக் கழுவிவைத்தான். மறுநாள் காலையில் உடுப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவள் தடுக்கவில்லை. பாதைவரை வந்தாள். பஸ் வந்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

டிக்கோயாவில் ஒரு பேக்கரியில், பாண் ரொட்டி சுடும் போறணை அடுப்பில் வேலை கிடைத்தது. முதலாளி, கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டபோது தரணி உள்ளதைச் சொன்னான். அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு நிமிர்ந்து, "போறணைக்கு முன்னால யாரு நின்னா எனக்கென்னா, பாண் கருகாம வரணும்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வந்தபோதெல்லாம் அவன் அதே பதிலைச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். ஒருவர் அவன் கையால் டீ வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார். விகாரைக்கு அவன் திரும்பப் போகவில்லை. வாடகை அறையில் மாவு மூட்டைச் சாக்கை மடித்துப் போட்டு அதில் உட்கார்ந்து கண்ணை மூடுவான். எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கும்போது அம்மாவரைக்கும் மனம் போகும். கந்தப்பன்வரைக்கும்கூட ஒரு நாள் போனது. பிரதாப்பிடம் வரும்போது நின்றுவிடும். பிரியம் அதிகமாக இருப்பதால் அப்படி என்று நினைத்துக்கொண்டான்.

சர்மிளாவின் கல்யாணம் நடந்தது. வீரம்மா பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று கேள்விப்பட்டான்.

எட்டு மாதம் கழித்து, லொறிக்கு டயர் மாற்ற டிக்கோயாவுக்கு வந்த பிரதாப் பேக்கரிக்குள் வந்தான். மத்தியானம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பிரதாப் மெலிந்திருந்தான். சௌக்கியமா என்று கேட்டார்கள். பிறகு இரண்டு பேரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பணிஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அன்னைக்கு நீ பாதிய மட்டும் சொன்ன" என்றான் பிரதாப்.

"என்னோட பாதிய நான் சொன்னேன். ஒன்னோடத நான் எப்புடிச் சொல்றது?"

"சொல்லிருக்கலாம். நான் அணைச்சது பொய்யின்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிருக்கலாம். எனக்கும் போக்கிடம் இல்லாமப் போயிருக்கும். ஓங்கூடவே வந்திருப்பேன்."

"நீதான கெஞ்சுன?"

"பயத்துல கெஞ்சுனேன். அதுகூடத் தெரியாதா ஒனக்கு?"

அது உண்மையா, எட்டு மாதத்தில் பிரதாப் தனக்காகச் செய்துகொண்ட கதையா என்று தரணிக்குத் தெரியவில்லை. அவன் அந்த வெள்ளிக்கிழமையை மறுபடி பார்த்தான். இதுவரை அதைத் தியாகம் என்று வைத்திருந்தான். பொய்யும் சொல்லவில்லை, அவனையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது பிரதாப்பின் முகம் இரண்டு முழத்துக்குள் இருக்கும்போது வேறொன்று தெரிந்தது. பிரதாப் சூடத்தை அடித்த அந்த நொடியில் தனக்குள் எழுந்தது வெறும் கோபம். ஒன்றுமே இல்லை என்று மூன்று வருடத்தை அணைத்துவிட்டாயே, அந்தப் பொய்யோடு நீயே கிட என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"ஓன் மேல கோவம்" என்றான். "அதுனாலதான் பேசாம இருந்தேன். ஒனக்காகன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். இல்ல."

பிரதாப் கண்ணாடிப் பெட்டியின் மேல் கிடந்த மாவை விரலால் வழித்தான்.

"இப்ப வாறியா?"

பிரதாப் நிமிர்ந்து பார்த்தான். தரணி அதைக் கேட்பான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலும்.

"ஆவணில எனக்குக் கல்யாணம். பரிசம் போட்டாச்சு. நல்ல புள்ள. அதுக்கு ஒன்னும் தெரியாது."

"அதுகிட்டயாவது சொல்லு."

"சூடத்த அணைச்சவன் எப்புடிச் சொல்றது?"

பாதையில் லொறியின் ஹோன் அடித்தது. டயர் மாற்றியவன் அவசரப்படுத்தினான். பிரதாப் ஒரு இறாத்தல் பாண் கேட்டான். தரணி சுற்றிக் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டு பிரதாப் வாசலில் கொஞ்சம் நின்றான்.

"நீ கேட்டதே எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

போதாது என்று தரணிக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்காமல் விட்டோமே என்று நினைத்தான். போறணையில் அடுத்த வரிசைப் பாண் வெந்துகொண்டிருந்தது.