பிளாசா வீடியோவில் கேட்கும் சிரிப்பு

மன்னியுங்கள், நான் இங்கே லைக் போடுவதோடு நிற்கிறவள். இன்று எழுத வேண்டியதாகிவிட்டது.

மதியம் அஜின்கோர்ட் பிளாசாவில் நடந்த கார் கண்காட்சி வீடியோவை உங்களில் பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அதில் பெரிய எஞ்சின் வைத்த பழைய மஸில் காரோடு நிற்பவர் என் அப்பா. என் படிப்பு முடிந்த பிறகு அவர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது.

பக்கத்தில் புத்தம் புதிய ஸ்போர்ட்ஸ் காரில் சாய்ந்து நின்ற பெடியன் சொன்னான்: "அங்கிள், உது நூறைத் தொட முதல் நான் பக்கத்து ரவுண் பிக்கரிங் போய்க் கோப்பி வாங்கிக்கொண்டு வந்திடுவன்."

அப்பா சொன்னார்: "தம்பி, உம்மட கார் பழுதானால் கொம்பியூட்டர் வேணும். இதை நான் என்ர கையாலயே திருத்துவன். சத்தத்தைக் கேளும்."

கார்த் திறப்பைப் போட்டுத் திருகினார். மூன்று முறை இருமிவிட்டு கார் அடங்கிவிட்டது.

"அப்ப திருத்துங்கோ அங்கிள். நாங்கள் நிக்கிறம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எஞ்சினை மூடியிருந்த பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டார். நான் என்னோடு படித்தவர்களோடு நின்றேன். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சொன்னார்: "நல்லகாலம், நீ தள்ளி நிண்டனீ பிள்ளை. கிட்ட நிண்டிருந்தா உனக்கு வெட்கமாய் இருந்திருக்கும்."

வீடியோவில் கடைசிவரை கேட்கும் பெண்குரல் சிரிப்பு என்னுடையது. அப்பா இன்னும் அதைப் பார்க்கவில்லை. ஆனால் என் சிரிப்பு அவருக்குத் தெரியும்.

அழிக்கச் சொல்லவில்லை. காரைப் பார்த்து வேண்டிய அளவு சிரியுங்கள். சத்தத்தை மட்டும் எடுத்துவிடுகிறீர்களா?